தகராறில் முடிந்த கணிப்புச் சந்தைகளை வைத்துச் சிந்திக்கப் பழகுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர்கள் சிலர் சேர்ந்து வார இறுதியில் ஒரு வாசிப்புக் கூட்டம் நடத்துகிறோம். தீர்ப்பில் சண்டை வந்த கணிப்புச் சந்தை ஒன்றை எடுத்துக்கொண்டு, யார் சொன்னது சரி என்று அலசுவதுதான் வேலை. புதிதாக வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான் என்பதால், அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதிப் பதிலையும் சேர்த்திருக்கிறேன். அடிப்படை தெரிந்தவர்கள் 3ஆம் கேள்விக்குத் தாவிவிடலாம்.

1. கணிப்புச் சந்தைன்னா என்னங்க? ஒரே மூச்சுல சொல்லுங்க.

ஒரு விஷயம் நடக்குமா நடக்காதா என்பதன் மேல் பங்கு வாங்கி விற்கும் இடம். நடந்தால் 'ஆம்' பங்குக்கு 1 டாலர் கிடைக்கும், நடக்காவிட்டால் பூஜ்யம். 'இல்லை' பங்குக்கு இதன் நேர் எதிர். 'ஆம்' பங்கு 63 சென்டுக்குப் போனால், அது நடக்க 63 சதவீத வாய்ப்பு இருப்பதாகச் சந்தை நினைக்கிறது என்று பொருள் கொள்வார்கள். அது எவ்வளவு தூரம் சரி என்பதை 11ஆம் கேள்வியில் பார்க்கலாம்.

அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகம் 1988இல் அதிபர் தேர்தலை வைத்துச் சிறிய தொகைகளில் நடத்திப் பார்த்தது இன்றைய சந்தைகளுக்கு முன்னோடி. இப்போது பேர் போனவை பாலிமார்க்கெட், கல்ஷி இரண்டும். இங்கே வரும் வழக்குகளில் பெரும்பாலானவை பாலிமார்க்கெட்டில் நடந்தவை. அங்கே விதி, வாதம், வாக்கு எல்லாம் எவரும் படிக்கும்படி எழுத்தில் கிடக்கின்றன.

2. இது சூதாட்டம்தானே? இதுல போய் தர்க்கம் படிக்கணுமா?

பணம் கட்டினால் சூதாட்டமா என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம் சொல்லும். இந்தியாவில் 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்தது. 'கருத்து வர்த்தகம்' என்ற பெயரில் இங்கே ஓடிக்கொண்டிருந்த புரோபோ போன்ற செயலிகளும் அதோடு கடையை மூடின. எங்கள் கூட்டத்தில் யாரும் பணம் கட்டுவதில்லை, கட்டச் சொல்வதும் இல்லை. முடிந்துபோன வழக்குகளை மட்டும் எடுக்கிறோம்.

ஏன் இதை எடுக்கிறோம் என்றால், வேறெங்கும் சேர்ந்தாற்போல் கிடைக்காத மூன்று விஷயங்கள் இங்கே இருக்கின்றன. எது நடந்தால் 'ஆம்' என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது, கடைசித் தேதி இருக்கிறது, கைப்பணம் போகும் பயத்தில் இரு தரப்பும் தங்களால் முடிந்த அத்தனை வாதத்தையும் கொட்டிவிடுகிறார்கள். அரசியல் விவாதத்தில் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று நழுவலாம். இங்கே அது நடக்காது.

3. நடந்தது நடந்ததுதானே. அதுல என்ன சண்டை?

பழைய வழக்கு ஒன்றிலிருந்து தொடங்கலாம். 2006இல் டிரேட்ஸ்போர்ட்ஸ் என்ற சந்தையில், ஜூலை 31க்குள் வட கொரியா தன் வான் எல்லையைத் தாண்டிப் போகும் ஏவுகணையை ஏவுமா என்று ஒரு கேள்வி ஓடியது. ஜூலை முதல் வாரத்திலேயே வட கொரியா வரிசையாக ஏவுகணைகளை விட்டது. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. 'ஆம்' வாங்கியவர்கள் கொண்டாடினார்கள். ஆனால் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அதை உறுதி செய்ய வேண்டும் என்று விதியில் இருந்தது. விதி கேட்ட மாதிரி ஓர் உறுதிப்படுத்தல் அந்தத் துறையிடமிருந்து வரவில்லை. 'ஆம்' பக்கத்துக்குப் பணம் இல்லை என்றாகிவிட்டது.

இங்கே மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. உலகத்தில் என்ன நடந்தது? விதி வாசகப்படி அது 'ஆம்' ஆகுமா? தீர்ப்பு சொல்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? கிரிக்கெட்டில் எல்.பி.டபிள்யூ முறையீடு மாதிரி: பந்து எங்கே போயிருக்கும் என்பது ஒன்று, விதி என்ன சொல்கிறது என்பது இன்னொன்று, நடுவர் விரலைத் தூக்குவாரா என்பது மூன்றாவது. நாங்கள் படித்த தகராறுகளில் பாதிக்கு மேல், ஒருவர் முதல் கேள்விக்குப் பதில் சொல்ல, எதிராளி இரண்டாவதற்குப் பதில் சொல்லி, இருவரும் ஒரே விஷயத்தைப் பேசுவதாக நினைத்துக்கொண்ட கதைதான். இந்த மூன்றையும் பிரித்து மூன்று தனிப் பதில் எழுதுவதுதான் முதல் பழக்கம். கீழே வரும் எல்லாப் பதிலிலும் இதையே உபயோகிக்கிறேன்.

4. ஜெலன்ஸ்கி சூட் போட்டாரா இல்லையான்னு பெரிய ரகளையாமே, அது என்ன?

உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கி 2022இல் போர் தொடங்கியதிலிருந்து ராணுவ பாணி உடையிலேயே இருந்தார். 2025 பிப்ரவரி 28 அன்று வெள்ளை மாளிகையில் ஒரு நிருபர் ஏன் சூட் போடவில்லை என்று முகத்துக்கு நேராகக் கேட்டது பெரிய செய்தியானது. அதன் பிறகு வந்ததுதான் இந்தச் சந்தை: மே 22 முதல் ஜூன் 30க்குள் அவர் சூட் அணிந்து புகைப்படத்திலோ வீடியோவிலோ தென்படுவாரா? நம்பகமான செய்திகளின் ஒருமித்த கருத்தை வைத்து முடிவு செய்யப்படும் என்பது விதி.

ஜூன் 24 அன்று நெதர்லாந்தின் ஹேக் நகரில் நேட்டோ மாநாட்டுக்குக் கறுப்பு ஜாக்கெட், அதற்குப் பொருந்தும் பேன்ட், காலர் வைத்த சட்டையோடு வந்தார். டை இல்லை. பல ஊடகங்கள் சூட் என்றே எழுதின, வேறு சில ஜாக்கெட் என்று சொல்லி நிறுத்திக்கொண்டன. 'இல்லை' தரப்பு அவர் ஷூவைப் பெரிதாக்கிக் காட்டி, சூட்டுக்கு இப்படியா ஷூ போடுவார்கள் என்று கேட்டது. ஆண்கள் உடையைப் பற்றி எழுதும் டெரிக் கை என்பவரிடம் கேட்டபோது, ஒரு விதத்தில் சூட்தான், இன்னொரு விதத்தில் இல்லை என்கிற மாதிரி பதில் வந்தது. 'ஆம்' என்று முன்மொழிந்தார்கள், ஆட்சேபம் வந்தது, மறுபடி முன்மொழிவு, மறுபடி ஆட்சேபம் (இந்த நடைமுறை 6ஆம் பதிலில் வருகிறது). கடைசியில் ஜூலையில் வாக்கெடுப்பில் 'இல்லை' என்று முடிந்தது. அந்த ஒரு கேள்வியில் கைமாறிய தொகை 20 கோடி டாலருக்கு மேல்.

5. சரி, உங்க கருத்து என்ன? அது சூட்டா இல்லையா?

இந்தக் கேள்விக்கு விதி இடமே கொடுக்கவில்லை என்பது என் கருத்து. 3ஆம் பதிலில் சொன்ன பிரிவை இங்கே போட்டுப் பாருங்கள். சூட் என்றால் என்ன என்று விதி வரையறுக்கவில்லை. செய்திகள் ஒருமித்து என்ன சொல்கின்றன என்று மட்டுமே கேட்டது. ஆகவே அகராதியைத் தூக்கி வந்தவர்கள், ஷூவைப் பெரிதாக்கியவர்கள், உடை நிபுணரைக் கேட்டவர்கள் எல்லாருமே கேட்காத கேள்விக்குப் பதில் தேடியவர்கள். பத்திரிகைகள் என்ன எழுதின, எத்தனை எழுதின, மறுத்து எழுதியது யார் என்பதுதான் பார்க்க வேண்டியது.

அப்படிப் பார்த்தால் 'ஆம்' தரப்பின் கை ஓங்கியிருந்தது என்றே நினைக்கிறேன். சூட் என்று எழுதியவர்கள் இருந்தார்கள். ஜாக்கெட் என்று எழுதுவது சூட் அல்ல என்று மறுப்பதாகாது. ஆனாலும் 'இல்லை' தரப்புக்கு ஒரு நல்ல வாதம் உண்டு: அவர் ராணுவ பாணியைக் கைவிட்டு வழக்கமான சூட்டுக்கு மாறினால் அதுவே தனிச் செய்தியாகியிருக்கும், போகிற போக்கில் ஒரு சொல்லாக வந்திருக்காது என்பது அது. எத்தனை பத்திரிகை சொன்னால் 'ஒருமித்த கருத்து' என்று யாரும் முன்கூட்டியே எழுதாததால், இந்த வாதத்தை முழுதாகத் தள்ளவும் முடியவில்லை.

6. கடைசியில தீர்ப்பு சொல்றது யாரு? நீதிபதி மாதிரி யாராவது இருக்காங்களா?

கல்ஷியில் அந்த நிறுவனமே முடிவு சொல்கிறது. பாலிமார்க்கெட்டில் இங்கே வருவது போன்ற கேள்விகள் யூமா என்ற வெளி அமைப்பு வழியாக முடிவாகும். ஒருவர் சுமார் 750 டாலர் பிணைத்தொகை கட்டி "இதன் விடை ஆம்" என்று முன்மொழிவார். 2 மணி நேரத்துக்குள் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் அதுவே விடை. மிகப் பெரும்பாலான கேள்விகள் சத்தமில்லாமல் இப்படியே முடிந்துவிடும். ஆட்சேபிப்பவரும் அதே அளவு பிணை கட்ட வேண்டும், தோற்றவர் தன் பிணையை இழப்பார். இரண்டாவது முறையும் ஆட்சேபம் வந்தால் யூமா டோக்கன் (அந்த அமைப்பின் கிரிப்டோ நாணயம்) வைத்திருப்பவர்கள் வாக்களிப்பார்கள். ஒருவருக்கு ஒரு வாக்கு கிடையாது. டோக்கன் எவ்வளவோ வாக்கும் அவ்வளவு.

இதில் கவனிக்க வேண்டியது: பெரும்பான்மையோடு வாக்களித்தவருக்கு வெகுமதி, சிறுபான்மைப் பக்கம் போனவருக்குச் சிறு அபராதம். ஆக வாக்களிப்பவர் "எது உண்மை" என்று மட்டும் யோசிப்பதில்லை, "மற்றவர்கள் எதற்கு வாக்களிப்பார்கள்" என்றும் யோசிக்கிறார். உண்மை எல்லாருக்கும் கண்ணுக்குத் தெரிவது, ஆகவே எல்லாரும் அங்கேயே வந்து சேர்வார்கள் என்பது இந்த ஏற்பாட்டின் நம்பிக்கை. உண்மை பளிச்சென்று இருக்கும்போது அது வேலை செய்கிறது. சூட் விவகாரம் போல மங்கலாக இருந்தால், எந்தப் பக்கம் கூட்டம் சேர்கிறதோ அந்தப் பக்கமே விடை ஆகிவிடுகிறது.

7. அப்போ டோக்கன் அதிகமா வெச்சிருக்கறவர் நினைச்சா எதையும் மாத்திடலாமே?

அந்தச் சந்தேகத்தைக் கிளப்பிய வழக்கு 2025 மார்ச்சில் வந்தது. ஏப்ரல் பிறப்பதற்குள் ட்ரம்பின் கனிம ஒப்பந்தத்துக்கு உக்ரைன் ஒப்புக்கொள்ளுமா என்பது கேள்வி. சுமார் 70 லட்சம் டாலர் புரண்ட சந்தை. ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை, ஆனாலும் 'ஆம்' என்று தீர்ப்பாகிவிட்டது. ஒரே ஆள் மூன்று கணக்குகள் வழியாகச் சுமார் 50 லட்சம் டோக்கனை வாக்கில் இறக்கினார், அது பதிவான வாக்கில் கால் பங்கு என்று செய்திகள் வந்தன. எதிர்பார்ப்புக்கு மாறான முடிவுதான் என்று பாலிமார்க்கெட் ஒப்புக்கொண்டது, ஆனால் பணத்தைத் திருப்பித் தரவில்லை. உண்மையான ஒப்பந்தம் ஏப்ரல் 30 அன்றுதான் கையெழுத்தானது.

இந்த வழக்கில் எங்கள் கூட்டத்தில் எப்போதும் ஒருவர் அவசரப்படுவார்: "கால் பங்கு வாக்கு ஒருவரிடம், முடிவு தப்பு, ஆகவே அவர்தான் திருடினார்." இடையில் படிகள் விடுபடுகின்றன. கால் பங்கு போக மீதி முக்கால் பங்கு என்ன ஆனது? ஒப்புக்கொண்டதாக அப்போது வந்த பேச்சை நம்பி வாக்களித்தவர் எத்தனை பேர்? பெரிய பக்கத்தோடு போனால் அபராதம் இல்லை என்று சேர்ந்துகொண்டவர் எத்தனை பேர்? முடிவு தப்பு என்பது தெளிவு, ஏற்பாட்டில் ஓட்டை என்பதும் தெளிவு. சதி என்பதற்கு இவற்றுக்கு மேல் தனிச் சான்று வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டில் யூமா விதியை மாற்றி, பாலிமார்க்கெட் கேள்விகளுக்கு விடை முன்மொழியும் உரிமையை அனுபவமுள்ள சிலரின் பட்டியலுக்குள் அடக்கியது.

8. வெனிசுவேலாவுல அரசாங்கமே மதுரோ ஜெயிச்சார்னு சொல்லிச்சே. சந்தை எப்படி மாத்திச் சொல்லலாம்?

நாங்கள் படித்த வழக்குகளில் கனமானது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். 2024 ஜூலை 28 அன்று வெனிசுவேலாவில் அதிபர் தேர்தல். தேசிய தேர்தல் கவுன்சில் அன்று நள்ளிரவு தாண்டி, 80 சதவீத வாக்கு எண்ணியாகிவிட்டது, மதுரோவுக்கு 51.2 சதவீதம், எதிர்க்கட்சியின் எட்முண்டோ கோன்சாலஸுக்கு 44.2 சதவீதம் என்று அறிவித்தது. அங்கே வாக்குப்பதிவு இயந்திரம் ஒவ்வொன்றும் முடிவில் ஒரு கணக்குச் சீட்டை அச்சிடும், கட்சி முகவர்களுக்கு நகல் கிடைக்கும். எதிர்க்கட்சியினர் அந்தச் சீட்டுகளில் 80 சதவீதத்துக்கு மேல் திரட்டி எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். அதில் கோன்சாலஸுக்குச் சுமார் 67 சதவீதம். தேர்தல் கவுன்சிலோ வாக்குச்சாவடி வாரியான கணக்கை வெளியிடவே இல்லை. கண்காணிக்கப் போன கார்ட்டர் மையம், இந்தத் தேர்தலை ஜனநாயக முறைப்படி நடந்ததாகக் கருத முடியாது என்று அறிக்கை விட்டது.

சந்தை விதியில் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. முதன்மை ஆதாரம் வெனிசுவேலாவின் அதிகாரபூர்வத் தகவல் என்றது ஒன்று. நம்பகமான செய்திகளின் ஒருமித்த கருத்தும் போதுமானது என்றது மற்றொன்று. இரண்டும் ஒன்றையொன்று மறுத்தால் என்ன செய்வது என்று சொல்லவில்லை. மதுரோ பங்கு வைத்திருந்தவர்கள் முதல் வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார்கள், எதிர்த் தரப்பு இரண்டாவதை. யூமா வாக்கில் கோன்சாலஸ் ஜெயித்தார். 2025 ஜனவரி 10 அன்று பதவியேற்றதோ மதுரோ.

என் மூன்று பதில்கள் இவை. உலகத்தில் நடந்தது: அதிக வாக்கு கோன்சாலஸுக்கு, எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. காரணம் எளிது. ஒரு தரப்பு சீட்டைக் காட்டியது, சீட்டை வைத்திருந்த மறு தரப்பு காட்டவில்லை. விதி வாசகம்: மதுரோ தரப்பின் வாதம் பலமானது, 'முதன்மை' என்ற சொல்லுக்கு ஏதாவது வேலை இருந்தாக வேண்டும். நடுவர்கள் என்ன சொல்வார்கள் என்பதை அந்த வாரம் கேட்டிருந்தால் சரிபாதி என்றுதான் சொல்லியிருப்பேன்.

9. அப்போ விதியோட எழுத்தைப் பார்க்கணுமா, நோக்கத்தைப் பார்க்கணுமா?

எதைப் பார்த்தாலும் பரவாயில்லை, எல்லா வழக்கிலும் அதையே பாருங்கள். வெனிசுவேலாவில் "நோக்கம்தான் முக்கியம், உண்மையான வெற்றியாளர் யார் என்பதுதானே கேள்வி" என்று பேசியவர், வட கொரியா வழக்கு வந்ததும் "விதியில் பாதுகாப்புத் துறை என்று இருக்கிறதே, அவ்வளவுதான்" என்கிறார். இந்த இரட்டைப் போக்கு தனக்குள் இருப்பது அவருக்கே தெரிவதில்லை.

எங்கள் வைத்தியம்: பெயர்களை மாற்றிப் போடுவது. ஒரு நாட்டில் உங்களுக்குப் பிடித்த கட்சி ஆட்சியில் இருக்கிறது, தேர்தல் ஆணையம் அதற்குச் சாதகமாக அறிவிக்கிறது, வெளிநாட்டுப் பத்திரிகைகள் ஒருமித்து மறுக்கின்றன. விதி அதே இரண்டு வாக்கியம். இப்போதும் உங்கள் தீர்ப்பு மாறவில்லையா? மாறினால், முதலில் சொன்னது விதியைப் பற்றிய கருத்து அல்ல, மதுரோவைப் பற்றிய கருத்து.

10. விதியை எழுதினவரே யோசிக்காத மாதிரி ஏதாவது நடந்துட்டா?

2023 ஜூனில் டைட்டானிக்கைப் பார்க்கப் போன டைட்டன் நீர்மூழ்கி காணாமல் போனது. ஐந்து உயிர் ஊசலாடும்போது பந்தயம் கட்டியதே அருவருப்பு என்பது ஒருபுறம் இருக்கட்டும். 23ஆம் தேதிக்குள் கண்டுபிடிக்கப்படுமா என்பது கேள்வி. மீட்கப்பட வேண்டியதில்லை, இருக்கும் இடம் தெரிந்தால் போதும், ஆனால் பயணிகள் இருக்கும் அறை கிடைக்காமல் வெறும் துண்டுகள் கிடைத்தால் போதாது என்றது விதி. 22ஆம் தேதி அமெரிக்கக் கடலோரக் காவல்படை, டைட்டானிக்கின் முன்பகுதியிலிருந்து சுமார் 1,600 அடி தள்ளிச் சிதைவுகள் கிடைத்ததாகச் சொன்னது. அழுத்தம் தாங்கும் கூட்டின் முன் மூடியும் பின் மூடியும் அதில் இருந்தன.

எழுதியவர் மனதில் இருந்த படம், ஒரு பக்கம் முழு நீர்மூழ்கி, இன்னொரு பக்கம் உடைந்த இறக்கை மாதிரி ஏதோ ஒன்று. அறையே உள்நோக்கி நொறுங்கிப் போகும் என்பது அந்தப் படத்தில் இல்லை. இல்லாத அறையைக் கண்டுபிடிக்க முடியுமா? இரண்டு மூடியும் கிடைத்தால் அறை கிடைத்ததாகுமா? 'ஆம்' என்று தீர்ப்பானது. எனக்கு அது சரியாகவே படுகிறது. அந்த விதிவிலக்கு எதற்காக எழுதப்பட்டது என்று கேட்டால், ஏதோ ஒரு துண்டை வைத்துக்கொண்டு கப்பல் கிடைத்துவிட்டது என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. இங்கே கப்பலுக்கு என்ன ஆனது, எங்கே கிடக்கிறது என்று இரண்டும் தெரிந்துவிட்டன. 9ஆம் பதிலில் சொன்னதற்கு இது முரண் அல்ல. வாசகம் நேரடியாகப் பதில் சொல்லும் இடத்தில் எழுத்து, வாய் மூடி நிற்கும் இடத்தில் நோக்கம் என்பதை எல்லா வழக்குக்கும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளலாம்.

11. விலை 86 சென்ட்னா 86 சதவீத வாய்ப்புதானே?

தீர்ப்பில் சண்டை வராத கேள்விக்கு ஏறக்குறைய அப்படித்தான். மற்றபடி, 3ஆம் பதிலின் மூன்று கேள்வியும் அந்த ஒரே எண்ணுக்குள் அடைந்து கிடக்கின்றன. நிகழ்வு நடக்க 95 சதவீத வாய்ப்பு என்று வையுங்கள். நடந்தாலும் நடுவர்கள் அதை 'ஆம்' என்று ஏற்க 90 சதவீதம். பெருக்கினால் 85.5. நடக்காமலே தவறுதலாக 'ஆம்' என்று வரும் வாய்ப்பைத் துளி சேர்த்தால் 86. விலையைப் பார்த்து "நடக்காமல் போக 14 சதவீதம்" என்று படித்தால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு தப்பு.

2020 அமெரிக்கத் தேர்தலில் இதைக் கண்கூடாகப் பார்த்தோம். நவம்பர் 7 அன்றே ஊடகங்கள் பைடன் வெற்றி என்று அறிவித்துவிட்டன. பிரெடிக்ட்இட் சந்தையில் ட்ரம்ப் பங்கு அதன் பிறகும் பல வாரம் 10 சென்டுக்கு மேல் ஓடியது. அதில் நம்பிக்கை கொஞ்சம், வழக்கு பற்றிய பயம் கொஞ்சம். பணம் முடங்கிக் கிடப்பதும் கட்டணமும் கொஞ்சம், ஏனென்றால் பைடன் பங்கை 90 சென்டுக்கு வாங்கி மாதக்கணக்கில் காத்திருக்க எல்லாரும் தயாரில்லை.

12. தோத்தவங்க எல்லாருமே "மோசடி"ன்னு கத்துறாங்க. உண்மையான புகாரை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தேதியைப் பாருங்கள். அந்த வாதம் சண்டைக்கு முன்பே எழுதப்பட்டதா, பிறகா? "இங்கே 'சூட்' வரையறுக்கப்படவில்லை, பிரச்சினை வரும்" என்று முன்கூட்டியே எழுதிய ஒருவரின் ஒரு வரிக்கு, ஹேக் புகைப்படத்துக்குப் பிறகு வந்த நூறு வரியை விட மதிப்பு அதிகம்.

அடுத்தது, பெயரையும் கைவசப் பங்கையும் மறைத்துவிட்டுப் படியுங்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர் வாதங்களைத் தனித்தனித் தாளில் அச்சிட்டு, எந்தத் தரப்பு என்று தெரிகிற வரிகளைக் கறுப்பு மையால் அடித்துவிட்டுக் கொண்டு வருவார். எது பலமானது என்று முதலில் வரிசைப்படுத்துகிறோம், அப்புறம்தான் யார் எழுதியது என்று பார்க்கிறோம். ஜெயித்த தரப்பின் வாதம் கடைசி இடத்துக்குப் போவது அடிக்கடி நடக்கும். தோற்றவர் கத்துவதால் அவர் சொல்வது பொய் என்றும் ஆகாது. ஜெயித்தவருக்கும் பணம் அதே அளவு கண்ணை மறைக்கும், அவர் கத்த வேண்டிய தேவை இல்லை, அவ்வளவுதான்.

13. ரெண்டு பக்கமும் நியாயமாத் தெரியுது. ஆளுக்குப் பாதி கொடுத்துட்டா சண்டையே இல்லையே?

பாதி கொடுப்பது நடுநிலை மாதிரி தெரியும், ஆனால் இல்லை. 'ஆம்' பங்கை 10 சென்டுக்கு வாங்கியவர் 50 சென்ட், அதாவது போட்டதைப் போல் ஐந்து மடங்கு பெறுகிறார். 'இல்லை' பங்கை 90 சென்டுக்கு வாங்கியவர் 40 சென்ட் இழக்கிறார். பெரும்பாலோர் நடக்காது என்று நினைத்த பக்கத்துக்குப் பரிசு. யூமாவில் 50-50 என்ற விடை உண்டு, ஆனால் அரிதாகவே வரும்.

போட்ட பணத்தை அப்படியே திருப்பித் தருவது வேறு விஷயம். 1876 அமெரிக்க அதிபர் தேர்தலில் டில்டனா ஹேய்ஸா என்று மாதக்கணக்கில் இழுத்தது. நியூயார்க்கில் பெரிய பந்தயம் நடத்திய ஜான் மாரிசி, முன்னாள் குத்துச்சண்டை வீரர், காங்கிரஸ் உறுப்பினராகவும் இருந்தவர். எல்லாப் பந்தயத்தையும் ரத்து செய்து பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், தன் கமிஷனை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு. பணமில்லாத கணிப்புத் தளமான மெட்டாகுலஸிலும் தெளிவில்லாத கேள்வியை ரத்து செய்யும் வழக்கம் இருக்கிறது.

14. தீர்ப்பு தப்புன்னா நிறுவனமே தலையிட்டு மாத்தக் கூடாதா?

ஒரு முறை மாற்றியது. 2024 ஜூனில் 'டிஜெடி' என்ற கிரிப்டோ நாணயத்தில் ட்ரம்பின் மகன் பாரனுக்குச் சம்பந்தம் உண்டா என்று ஒரு சந்தை. யூமா வாக்கில் 'இல்லை'. பாலிமார்க்கெட் அந்தத் தீர்ப்பை ஏற்காமல், ஏதோ ஒரு வகையில் சம்பந்தம் இருந்ததாகத் தன் முடிவைச் சொல்லி, 'ஆம்' வாங்கியவர்களுக்குப் பணம் கொடுத்தது. ஒன்பது மாதம் கழித்து 7ஆம் கேள்வியில் வந்த கனிம ஒப்பந்தத்தில், தப்பு என்று தெரிந்தும் கொடுக்கவில்லை.

ஒவ்வொன்றுக்கும் தனியாக நியாயம் சொல்ல முடியும். சேர்த்து வைத்தால் இடிக்கிறது. எந்த அளவு தப்புக்குத் தலையிடுவோம் என்று முன்கூட்டியே எழுதியிருந்தால் இரண்டையும் ஒப்பிட்டிருக்கலாம். எழுதாததால், அடுத்த தகராறில் 'தீர்ப்பு என்னவாக வரும்' என்ற மூன்றாவது கேள்விக்குப் பதில் யோசிக்கிறவர் நிறுவனத்தின் மனநிலையையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது. இதில் எனக்குக் கோபமே உண்டு.

15. சண்டை வராத மாதிரி ஒரு கேள்வியை எழுத முடியுமா?

முழுக்க முடியாது, ஆனால் குறைக்கலாம். முடிவெடுக்கும் ஆய்வில் ஸ்டான்ஃபோர்டின் ரொனால்ட் ஹோவர்ட் சொல்லிக்கொடுத்த ஒரு சோதனை உண்டு: எதிர்காலம் எல்லாம் தெரிந்த ஒரு ஞானியிடம் கேள்வியைக் கொடுங்கள். அவர் உங்களிடம் எந்த விளக்கமும் கேட்காமல் பதில் சொல்ல முடிந்தால் கேள்வி தேறியது.

"இந்த வருஷம் மேட்டூர் அணை நிரம்புமா?" என்பதைக் கொடுத்துப் பாருங்கள். ஞானி கேட்பார்: வருஷம் என்றால் ஜனவரி முதலா, ஜூன் முதலா? நிரம்புவது என்றால் முழுக் கொள்ளளவான 120 அடியா? 119.98 அடி இருந்தால்? ஒரு மணி நேரம் தொட்டுவிட்டு இறங்கினால்? யார் அளவு? திருத்தி எழுதினால் இப்படி வரும்: "ஜூன் 1 முதல் டிசம்பர் 31 வரை ஏதாவது ஒரு நாள், நீர்வளத் துறை வெளியிடும் காலை 8 மணி அளவில் நீர்மட்டம் 120.00 அடி அல்லது அதற்கு மேல் என்று இருந்தால் 'ஆம்'. அளவு பிறகு திருத்தப்பட்டால் முதலில் வெளியானதே செல்லும்." கடைசி வாக்கியம்தான் சண்டையைத் தடுப்பது. வெனிசுவேலா விதியில் அந்த மாதிரி ஒரு வாக்கியம் இருந்திருந்தால் 8ஆம் பதில் பாதி நீளத்தில் முடிந்திருக்கும்.

16. பணம் கட்டாம, கூட்டத்துக்கும் வராம, தனியா எப்படிப் பழகுறது?

வழக்கின் விதியை மட்டும் முதலில் படியுங்கள், செய்தியைத் திறக்காதீர்கள். எதெல்லாம் நடந்தால் 'ஆம்' என்று ஐந்தாறு நிலைமைகளைக் கற்பனை செய்து தாளில் எழுதுங்கள். அப்புறம் செய்தியைப் படித்து 3ஆம் பதிலின் மூன்று கேள்விக்கும் தனித்தனிச் சதவீதம் போடுங்கள். "உலகத்தில் நடந்தது 90, விதிப்படி ஆம் 60, நடுவர் ஆம் என்பார் 45" என்கிற மாதிரி. மூன்றும் ஒரே எண்ணாக வந்தால் நீங்கள் பிரிக்கவில்லை என்று அர்த்தம், மறுபடி போடுங்கள். பிறகு உங்களுக்குப் பிடிக்காத தரப்புக்காக ஒரு பக்கம் எழுதுங்கள், அந்தத் தரப்புக்காரர் படித்தால் "இதைத்தான் சொல்ல வந்தேன்" என்று ஒப்புக்கொள்கிற மாதிரி. எல்லாம் முடிந்த பிறகு தீர்ப்பைப் பாருங்கள்.

நடந்துகொண்டிருக்கும் கேள்விகளில் பழக வேண்டுமென்றால் மெட்டாகுலஸ் இருக்கிறது, விளையாட்டுக் காசில் ஓடும் மேனிஃபோல்ட் இருக்கிறது. மேனிஃபோல்டில் கேள்வி கேட்டவரே தீர்ப்பும் சொல்வது வழக்கம், ஆகவே தகராறுக்குப் பஞ்சமே இல்லை.

17. எந்த வழக்குல ஆரம்பிக்கலாம்?

டைட்டனில். சிறியது, உண்மை தெரிந்துவிட்டது, விதி நான்கைந்து வரி. அடுத்தது வட கொரியா. வெனிசுவேலாவுக்கு இரண்டு முழு மாலை ஒதுக்குங்கள், கணக்குச் சீட்டுகள் பற்றிப் படிக்கவே ஒரு மாலை போய்விடும். சூட் வழக்கை எல்லாருமே முதலில் கேட்கிறார்கள், நான் கடைசிக்குத் தள்ளுவேன். புகைப்படம் கையில் இருப்பதால் ஒவ்வொருவரும் அதை உற்றுப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள், விதியைப் படிக்க ஆள் இருப்பதில்லை.